பொதுக்குழுவில் படிக்கப்பட்ட செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். பொங்கல் விழா, சித்திரைக் கொண்டாட்டம் ஆகியவற்றின் விவரங்கள் சுற்றறிக்கையில் முன்பே வந்துவிட்டன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே நம் மூத்த உறுப்பினரான பேராசிரியர் அவர்களுக்கு நடத்திய பாராட்டுக் கூட்டத்தையும், அதை ஒட்டி நம் ஞாயிறு தமிழ் வகுப்பில் நேர்ந்த மாற்றத்தையும் மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறேன். தம் பெயரை அச்சிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

அவருடைய துறையான கல்வி நிர்வாகம் என்றால் பள்ளிக்கூடம் நடத்துவதுதானே என்று நம்மில் பலர், நான் உட்பட, நினைத்திருந்தோம். 1962இல் யுனெஸ்கோவுடனான உடன்பாட்டின்படி ஆசிய வட்டார மையமாகத் தொடங்கி, 1979இல் தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனம் என்ற பெயர் பெற்று, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான, தில்லி அரவிந்தர் மார்க் சாலையில் உள்ள நிறுவனத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்து பேராசிரியராக ஓய்வுபெற்றவர் அவர். அதற்கு முன் தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அவரிடம் படித்தவர்கள் பெரும்பாலும் மாவட்டக் கல்வி அதிகாரிகள். பட்டயப் படிப்பில் மூன்று மாதம் தில்லியில் பாடம், மூன்று மாதம் சொந்த மாவட்டத்தில் திட்டப்பணி.

1994இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது, ஒவ்வொரு பள்ளியின் வகுப்பறை, ஆசிரியர், குடிநீர், கழிவறைக் கணக்கையும் செப்டம்பர் 30ஆம் தேதி நிலவரப்படி ஒரே படிவத்தில் திரட்டும் முறையை அந்நிறுவனம் உருவாக்கியது. அந்தப் படிவத்தைச் சரிபார்க்க ஒரு கிராமத்துக்குப் போன கதையை அவர் சொன்னபோது மைக் இரண்டு முறை நின்றும் யாரும் எழுந்து போகவில்லை. படிவத்தில் 'கழிவறை: ஒன்று' என்றிருந்தது; கட்டடமும் இருந்தது, கதவில் பூட்டும் இருந்தது, சாவி மட்டும் தலைமையாசிரியர் வீட்டு ஆணியில் தொங்கியது. அன்றிலிருந்து, "கழிவறை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், சாவி யாரிடம் என்று கேளுங்கள்" என்பதே அதிகாரிகளுக்கு அவர் நடத்திய முதல் பாடமாம். பின்னாளில் பயன்பாட்டில் உள்ள கழிவறைக்கெனப் படிவத்தில் தனிக் கட்டம் வந்தது. "அது என்னால் வந்ததில்லை" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் சால்வையை மடித்து வைத்துவிட்டு, தமிழ் வகுப்பின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று நாங்கள் சென்ற ஆண்டு இதே பொதுக்குழுவில் வருத்தப்பட்டோம். அவரோ வாரம் வாரமாக விரல் வைத்துக் கூட்டி, வருகை சரிவது ஜனவரிப் பனிமூட்ட வாரங்களிலும் பிப்ரவரித் தேர்வு வாரங்களிலும்தான் என்று காட்டினார். காலை எட்டு மணிக்கு எதிரே வரும் வண்டி தெரியாத மூடுபனியில் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள் என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. பதிவேட்டை எழுதியவர்கள் நாங்கள். அதைப் படித்தவர் அவர்.

செயற்குழு முடிவின்படி, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வகுப்பு பதினொரு மணிக்கு நடைபெறும். தேர்வுக்கு முந்தைய இரு ஞாயிறுகளில் விடுமுறை. ஆசிரியைகள் இருவரும் இதற்கு இசைந்துள்ளனர். மாடி அறையின் சாவி இனி அவர்களிடமே இருக்கும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
புது தில்லி