செயலாளரின் ஆண்டறிக்கை 2025: தீவுக் கிளப்புகளின் கோப்பையும் நமது சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆக்லாந்து சாண்ட்ரிங்கம் வட்டாரத்தில் இயங்கும் நமது தமிழர் விளையாட்டுச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். பொங்கல் விளையாட்டு விழா, பிள்ளைகளின் சனிக்கிழமைப் பயிற்சி, குளிர்கால உள்ளரங்கப் போட்டி எல்லாம் குறைவின்றி நடந்தன. உழைத்தவர்களுக்குத் தலைவர் தனியே நன்றி சொல்வார். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சென்ற ஆண்டு நம் பேச்சையும் நேரத்தையும் அதிகம் எடுத்துக்கொண்டது, நியூசிலாந்து, பசிபிக் தீவுகளின் கால்பந்துக் கிளப்புகள் மோதும் ஓஷியானியா சாம்பியன்ஸ் லீக். அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்க நாம் போகும் இதே சாண்ட்ரிங்கத்தில், கிவிடியா தெருவில்தான் ஆக்லாந்து சிட்டி கிளப்பின் மைதானம் இருக்கிறது. 2025 மார்ச் கடைசியில் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவில் போட்டி தொடங்கியது. நியூசிலாந்து, பாப்புவா நியூகினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா, பிஜி, டஹிடி ஆகிய ஏழு இடங்களிலிருந்து ஆளுக்கொரு கிளப். சமோவா, டோங்கா, குக் தீவுகள் போன்ற சிறிய இடங்கள் தங்களுக்குள் ஆடித் தேர்ந்தெடுத்த கிளப் ஒன்று. ஆக எட்டு அணிகள், ஒரே ஊர், ஏறக்குறைய இரண்டு வாரம். ஏப்ரல் 12 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் ஆக்லாந்து சிட்டி, பாப்புவா நியூகினியின் ஹெகாரி யுனைடெட்டை 2-0 என்று வென்றது. அது அவர்களுக்கு 13ஆவது பட்டம்.

நம் உறுப்பினர் இருவர் பிரிஸ்பேன் வழியாக ஹோனியாரா போய் அந்த ஆட்டத்தைப் பார்த்து வந்தார்கள். மே மாதக் கூட்டத்தில் அவர்கள் பேசியதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 பசிபிக் விளையாட்டுகளுக்காகச் சீன நிதியில் கட்டப்பட்ட பத்தாயிரம் இருக்கை தேசிய அரங்கம் அது. வாசலில் பெண்கள் குடை விரித்துப் பாக்கு விற்றிருக்கிறார்கள். அங்கே வெற்றிலை இலையைவிட அந்தக் கொடியின் நீளமான காய்க்குத்தான் மவுசு. காயைச் சுண்ணாம்பில் தொட்டுக் கடித்து, பச்சைப் பாக்கோடு மெல்லுகிறார்கள். நம்மவர் ஒருவர் தாத்தா காலத்துப் பழக்கம் என்று வாங்கிப் போட்டுக்கொண்டதும், பக்கத்து இருக்கைக்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டு முழு ஆட்டத்துக்கும் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த பகுதியில் ஏறக்குறைய எல்லோரும் ஹெகாரிக்குத்தான் குரல் கொடுத்தார்களாம். நம்மவர்கள் இருவரும் ஆக்லாந்து சட்டை போட்டிருந்தும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஹெகாரிக்கு அந்த மரியாதை சும்மா வந்ததல்ல. ஆஸ்திரேலியா 2006இல் ஆசியக் கூட்டமைப்புக்குப் போன பிறகும், நியூசிலாந்து கிளப்புகளைத் தாண்டித் தீவுக் கிளப்பால் கோப்பையைத் தொட முடியாது என்றே பலரும் நினைத்தார்கள். 2007இல் பிஜியின் பா கிளப் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. சொந்த ஊரில் 2-1 வெற்றி, எதிரணி ஊரில் 0-1 தோல்வி, மொத்தம் 2-2 என்று சமனானதால், வெளியூரில் போட்ட கோல் கணக்கில் நியூசிலாந்தின் வைடாகரே யுனைடெட் கோப்பையைக் கொண்டுபோனது. மூன்றாண்டு கழித்து, 2010இல், ஹெகாரி அதே வைடாகரேயைத் தன் ஊரான போர்ட் மோர்ஸ்பியில் 3-0 என்று அடித்தது. இங்கே வந்து 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் கோப்பை அவர்களுக்குத்தான். கோப்பையை வென்ற முதல் தீவுக் கிளப் அதுவே. அந்த அணியில் பிஜி வீரர்களும் சாலமன் வீரர்களும் இருந்தார்கள் என்பதால் மூன்று நாடுகளும் அதைத் தங்கள் வெற்றியாகவே கொண்டாடின.

பா கிளப்பின் பெயரைச் சொன்னாலே நம் பிஜி உறுப்பினர்களின் குரல் உயர்ந்துவிடும். அதற்கு நியாயமும் உண்டு. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பிஜியில் 1938இல் தொடங்கிய மாவட்டங்களுக்கு இடையிலான போட்டியை நடத்தியதே இந்தியர்களின் கால்பந்துச் சங்கம்தான். 1961இல் அது எல்லா இனத்தவருக்கும் திறந்த சங்கமானது. 1926இல் சாது குப்புசாமி நாடியில் நிறுவிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் ஈஸ்டர் விடுமுறையில் கால்பந்துப் போட்டி நடத்துகிறது. 2026இல் அந்தச் சங்கத்துக்கு நூறு வயது. வாழ்த்து மடல் அனுப்பச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. முடிந்தால் நம் அணி ஒன்றையும் அனுப்ப வேண்டும் என்பது என் விருப்பம்.

அடுத்து ஜூன் மாதம். அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையில் நம் தெருக்கோடிக் கிளப்பான ஆக்லாந்து சிட்டி, ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கிடம் 0-10 என்றும், போர்ச்சுகலின் பென்ஃபிகாவிடம் 0-6 என்றும் தோற்றது. வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுபவர்கள், சம்பளத்துக்கு ஆடும் உலக நட்சத்திரங்களிடம் தோற்றதைச் சிலர் கேலி பேசினார்கள். அந்தக் கேலி எனக்கு அப்போதும் வருத்தம், இப்போதும் வருத்தம். ஜூன் 25 புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, அர்ஜென்டினாவின் போக்கா ஜூனியர்ஸோடு நடந்த ஆட்டத்தைச் சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்தோம். வாடகைக்குப் பேசியிருந்த கூடத்தைச் சொன்ன நேரத்துக்குத் திறக்காததால் எல்லோரும் தலைவர் வீட்டு வரவேற்பறைக்கு ஓடினோம். தலைவரின் துணைவியார் அத்தனை பேருக்கும் உப்புமா கிண்டிப் போட்டார். இரண்டாம் பாதியில் கார்னர் பந்தைத் தலையால் முட்டி கிறிஸ்டியன் கிரே சமன் செய்தபோது தட்டுகள் பறந்தன. அவர் ஆசிரியர் பணிக்குப் படித்துக்கொண்டிருந்தவர். பிறகு நாஷ்வில்லில் மின்னல் வந்து ஆட்டம் நின்றது. அலுவலகத்துக்குத் தாமதம் என்று தெரிந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசியில் 1-1.

ஆனால் அந்த ஒரு காலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2019. நியூ கலிடோனியாவின் வடகிழக்குக் கரையில் இயங்கேன் என்று ஒரு சிற்றூர். சில ஆயிரம் பேர்தான் மக்கள்தொகை. அந்த ஊர்க் கிளப் அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில், தலைநகர் நூமியாவில், அதே நாட்டின் மஜாந்தா கிளப்பை ஆந்துவான் ருவான் போட்ட ஒரே கோலால் வென்றது. பிறகு டிசம்பரில் தோஹாவில், முன்னாள் ஸ்பெயின் நட்சத்திரம் சாவி பயிற்சியளித்த கத்தாரின் அல் சத் கிளப்பை 90 நிமிடம் 1-1 என்று பிடித்து வைத்து, கூடுதல் நேரத்தில்தான் 1-3 என்று தோற்றது. ஒரு சிற்றூர் தன் நாட்டு லீகிலிருந்து எழுந்து, வட்டாரக் கோப்பையை வென்று, உலக மேடை ஏறியது. இந்தப் போட்டியின் உயிர் அந்த வழியில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அதனால்தான் கடந்த மாதங்களில் செயற்குழுவில் காரசாரமாகப் பேசினோம். 2026 ஜனவரியில் ஓஷியானியா புரொஃபஷனல் லீக் தொடங்கிவிட்டது. ஆக்லாந்து எஃப்சி, சவுத் ஐலண்ட் யுனைடெட், மெல்போர்னிலிருந்து சவுத் மெல்போர்ன், பிஜியின் புலா எஃப்சி, ஹெகாரி, சாலமன் கிங்ஸ், டஹிடி யுனைடெட், வனுவாட்டு யுனைடெட் என்று எட்டு அணிகள். தீவு வீரர்களுக்குச் சம்பளம் கிடைக்கும், தொடர்ந்து தரமான ஆட்டம் கிடைக்கும். இதை மனதார வரவேற்கிறேன். பிஜி வீரர் ராய் கிருஷ்ணா சொந்த ஊர் லம்பாசாவிலிருந்து வைடாகரேக்கு வந்து, வெலிங்டன் போய், அப்புறம் கொல்கத்தா வரை போய்த்தான் கால்பந்தில் பிழைக்க வேண்டியிருந்தது. இனி ஒரு பிஜி இளைஞன் பிஜி அணியிலேயே தொழில்முறை வீரனாகலாம். அது சின்ன விஷயம் இல்லை.

சரி, குறை எங்கே? எட்டில் நியூ கலிடோனியாவுக்கு இடமில்லை. இயங்கேனைத் தந்த மண்ணுக்கே இடமில்லை! பா, நாடி, லவுடோகா என்று ஊர்ப்பெயரோடு வளர்ந்த கிளப்புகளுக்குப் பதிலாக நாட்டுக்கு ஒன்றாகப் பெரும்பாலும் புதிய பெயர்கள். வனுவாட்டில் தொடர்ந்து 15 முறை லீக் வென்ற டாஃபியா போன்ற கிளப்பின் ரசிகர் இனி யாருக்குக் கைதட்டுவார்? ஊர் லீகை வென்றவருக்கு மேலே ஏற ஒரு படி எப்போதும் இருக்க வேண்டும். இந்தக் கருத்தைக் கடிதமாக ஓஷியானியா கூட்டமைப்புக்கு அனுப்பச் சபையின் அனுமதி கேட்கிறேன். வரைவு மேசையில் இருக்கிறது, படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்லுங்கள்.

2024 டிசம்பர் 17இல் வனுவாட்டுத் தலைநகர் போர்ட் விலாவைக் குலுக்கிய 7.3 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகு, வனுவாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலணி சேர்த்தோம். பொருளாளர் வீட்டுக் கார் கொட்டகையில் அம்மாக்கள் கூடி, பழைய பூட்ஸின் சேற்றைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்து, ஜோடி பிரியாமல் லேஸால் கட்டி, அளவை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினார்கள். சரக்கு அனுப்ப ஒப்புக்கொண்ட இடத்தில் பல வாரம் தாமதம். இருந்தாலும் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. பெரிய அளவுகள்தான் குறைவு என்று அங்கிருந்து தகவல் வந்திருக்கிறது. ஆகவே இந்த ஆண்டு அண்ணன்மார்கள், அப்பாக்கள் தங்கள் பூட்ஸையும் எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சந்தா பாக்கி இருப்பவர்கள் தேநீர் இடைவேளையில் பொருளாளரைப் பாருங்கள். பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் தேவை. முன்வருபவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம். அறிக்கையையும் கடித வரைவையும் சபையின் ஒப்புதலுக்கு முன்மொழிகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்