தெர்மல் ஃபியூசுக்குப் பதில் முறுக்கிய கம்பியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் குறிப்புகள் பகுதியில் சென்ற வாரம், துணி உலர்த்தும் இயந்திரத்தில் சூடு வராமல் போனால் அதை வீட்டிலேயே எப்படிச் சரிசெய்துகொள்ளலாம் என்று வாசகர் ஒருவர் விளக்கியிருந்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகே பின்பக்கத் தகட்டைத் திறக்க வேண்டும் என்றும், எதையும் கழற்றுமுன் கம்பிகள் இருக்கும் நிலையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தது முற்றிலும் சரி. அதற்காக அவரைப் பாராட்டவே வேண்டும். ஆனால் அக்குறிப்பின் கடைசியில், சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருந்தால் புதியது வாங்கும்வரை அதைக் கழற்றிவிட்டு, அதில் வந்து சேரும் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றி ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியை நம்பி யாரேனும் அப்படியே செய்துவிடக் கூடும் என்ற கவலையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மின்பணி என் தொழில் அன்று. 30 ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். இருந்தாலும் எங்கள் வீட்டு உலர்த்தியைக் கடந்த 11 ஆண்டுகளில் நான்கு முறை நானே திறந்து சரிசெய்திருக்கிறேன். ஆகவே, எதிலும் கைவைக்காதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களின் பக்கம் நின்று நான் இதை எழுதவில்லை.

உலர்த்தியின் உள்ளே நடப்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு மோட்டார் பெல்ட்டின் மூலம் டிரம்மைச் சுழற்றுகிறது. பல மாடல்களில் அதே மோட்டாரின் அச்சிலேயே காற்றாடியும் பொருத்தப்பட்டிருக்கும். காற்றாடி இழுக்கும் காற்று, சூடேற்றும் காயிலைக் கடந்து டிரம்முக்குள் நுழைந்து, துணியின் ஈரத்தை வாங்கிக்கொண்டு, பஞ்சு வடிகட்டியைத் தாண்டி, வெளியேற்றுக் குழாய் வழியாகப் போய்விடுகிறது. காயிலின் வெப்பத்தை ஓயாமல் சுமந்து செல்வது இந்தக் காற்றுதான். காற்றின் வேகம் குறைந்தால், காயில் மட்டும் வழக்கம்போல் வெப்பத்தைத் தந்துகொண்டிருக்க, அந்த வெப்பம் போக வழியின்றி அங்கேயே தேங்கும். முதலில் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை அவ்வப்போது துண்டித்துச் சமாளிக்கப் பார்க்கும். அதையும் மீறிச் சூடு ஏறினாலோ, தெர்மோஸ்டாட்டே ஒட்டிக்கொண்டு துண்டிக்கத் தவறினாலோ, கடைசிக் காவலாக நிற்கும் தெர்மல் ஃபியூஸ் அறுந்து இணைப்பை நிறுத்திவிடும். தெர்மோஸ்டாட் ஆறியதும் தானாக மீண்டும் இணைந்துகொள்ளும். தெர்மல் ஃபியூஸ் இணையாது, இணையக் கூடாது என்றே அது செய்யப்பட்டிருக்கிறது. நாளான ஃபியூஸ் காரணமின்றித் தானே போவதும் உண்டு. ஆயினும் அது போயிருப்பதைக் கண்டால், இயந்திரத்துக்குள் எங்கோ வெப்பம் எல்லை மீறியிருக்கிறது என்று முதலில் ஐயப்படுவதுதான் முறை.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் அப்படியொன்றும் பெருமைக்குரியதன்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உலர்த்தியில் டிரம் சுழன்றது, துணி மட்டும் காயவில்லை. வந்து பார்த்த பணியாளர் ஒருவர், தகட்டைத் திறக்காமலேயே, எலெக்ட்ரானிக் போர்டு போய்விட்டது, அதை மாற்றியாக வேண்டும் என்றார். மனம் ஒப்பாமல் நானே திறந்து, மின்தொடர்பையும் மின்தடையையும் அளக்கும் மல்டிமீட்டரால் ஒவ்வொரு பாகமாகச் சோதித்ததில், விரல் நீளம்கூட இல்லாத, 91 டிகிரி செல்சியஸ் என்று பொறிக்கப்பட்ட அந்தத் தெர்மல் ஃபியூஸ் அறுந்திருப்பது தெரிந்தது. அதை மாற்றியதும் சூடு வந்துவிட்டது. வீட்டில் இரண்டு நாட்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் புதிய ஃபியூசும் போயிற்று.

மட்டமான பாகத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எண்ணி இன்னொன்று வாங்கக் கிளம்பியபோது, என் தொழிற்பழக்கம்தான் என்னைத் தடுத்து நிறுத்தியது. பேரேட்டுக் கணக்குகள் ஒத்துவராதபோது வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கில் எழுதி அப்போதைக்குச் சமன்செய்துவிடலாம். பிழை எங்கே நேர்ந்தது என்று தேடாவிட்டால் அடுத்த மாதமும் அது வந்து நிற்கும். நானும் அனாமத்தில்தான் எழுதியிருக்கிறேன் என்று உறைத்தது. இயந்திரத்தைச் சுவரிலிருந்து முன்னே இழுத்து வெளியேற்றுக் குழாயைக் கழற்றினேன். மெல்லிய அலுமினியத் தாளால் ஆன, நீட்டிச் சுருக்கக் கூடிய குழாய் அது. இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டத் தள்ளிவைத்ததில் குழாய் ஓரிடத்தில் நசுங்கி மடிந்திருந்தது; அந்த மடிப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு முழ நீளத்துக்குத் துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு ஈரமேறி, பழைய தலையணைப் பஞ்சைப் போல் இறுகி அடைத்துக்கொண்டிருந்தது. அதை நீக்கி, உட்புறம் வழவழப்பான கெட்டித் தகட்டுக் குழாயை மாட்டி, மூன்றாவது ஃபியூசைப் பொருத்தினேன். ஆறு ஆண்டுகளாகியும் அதே ஃபியூஸ்தான் இருக்கிறது.

அன்று தங்கள் குறிப்பில் கண்டபடி நான் கம்பியை முறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பஞ்சு எளிதில் பற்றிக்கொள்ளும் பொருள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவுகளைக் கொண்டு வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு வீடுகளில் உலர்த்திகளால் ஆண்டுதோறும் சுமார் 2,900 தீ விபத்துகள் நேர்வதாகவும், அவற்றுக்கான காரணங்களில் முதலிடம் வகிப்பது சுத்தம் செய்யாமல் விடுவதே என்றும், அதன் பங்கு 34 விழுக்காடு என்றும் கூறுகிறது.

எனவே சூடு வரவில்லை, துணி காய நெடுநேரமாகிறது என்ற குறை எழுந்தவுடன் திருப்புளியைத் தேடாமல், முதலில் காற்றோட்டத்தைப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இயந்திரம் ஓடும்போது வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்துக்குப் போய், அங்குள்ள மூடி நன்றாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, கையில் படும் காற்று வலுவாக இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மின்சாரத்தால் சூடேறும் உலர்த்தியாயின், குழாயைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் ஓட்டிப் பார்க்கலாம்; அப்போது நன்றாக வேலை செய்தால் கோளாறு குழாயில் இருக்கிறது. எரிவாயுவால் சூடேறும் உலர்த்தியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, ஏனெனில் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கக் கூடும். குழாய்த் துண்டுகளை இணைக்கத் திருகாணிகளை முடுக்குவது பலர் செய்யும் தவறு. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி முனையில் பஞ்சு சிக்கிச் சேரத் தொடங்கும். அதற்கென்றே விற்கப்படும் உலோகத் தாள் டேப்பை ஒட்டுவது நல்லது. வடிகட்டியில் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுப்பவர்கள்கூட, துணியை மென்மையாக்க உள்ளே போடும் தாள்கள் அதன் வலைமீது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விட்டுச் செல்வதை அறிவதில்லை. வலையின் மேல் சிறிது தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வழிந்தோடாமல் தேங்கினால், சோப்பு நீரில் மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் மாட்ட வேண்டும். வெளியேற்றுக் குழாயே இல்லாத கண்டென்சர் வகையில், ஈரத்தை நீராக்கும் பகுதி பல மாடல்களில் கையால் உருவி எடுக்கக் கூடியதாக இருக்கும். அதன் இடுக்குகளில் பஞ்சு அடைந்தாலும் விளைவு இதேதான்.

காற்றோட்டத்தில் குறையில்லை என்று உறுதியான பிறகே மல்டிமீட்டருக்கு வேலை. சுவிட்சை அணைத்தால் போதாது; பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சோதிக்கும் பாகத்திலிருந்து ஒரு கம்பியையாவது கழற்றிவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் வேறு பாகங்களின் வழியாகத் தொடர்பு காட்டி மீட்டர் நம்மை ஏமாற்றிவிடும். ஃபியூசும், குளிர்ந்த நிலையிலுள்ள தெர்மோஸ்டாட்டும் ஏறத்தாழ சுழி ஓம் காட்ட வேண்டும். காயில் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதை அதன் வாட் அளவிலிருந்து நாமே கணக்கிட்டுவிடலாம்: 230 வோல்ட்டில் 2,500 வாட் இழுக்கும் காயில் சுமார் 21 ஓம் காட்டும். முடிவிலி காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. காயிலின் முனைக்கும் இயந்திரத்தின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால், அறுந்தோ தொய்ந்தோ அது உடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை மாற்றாமல் பிளக்கை மாட்டவே கூடாது. தகட்டை மூடும்போது பச்சை நிற எர்த் கம்பியை மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இயந்திரம் அதில்லாமலும் ஓடும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

வட அமெரிக்காவில் இருந்து தங்கள் நாளிதழைப் படிப்பவர்களுக்கு ஒரு சிறு செய்தி: அங்கு மின்சாரத்தால் சூடேறும் பெரும்பாலான உலர்த்திகளுக்கு இரண்டு 120 வோல்ட் இணைப்புகள் சேர்ந்து 240 வோல்ட் வருகிறது, பெரும்பாலும் மோட்டாருக்கு அவற்றில் ஒன்று போதும். ஆகவே ஒரு பக்க இணைப்பு விழுந்துவிட்டால் டிரம் சுழலும், சூடு வராது. இயந்திரத்தைத் திறப்பதற்கு முன் பிரேக்கரை ஒரு முறை முழுவதும் அணைத்துப் போட்டுப் பார்ப்பது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

மற்றக் கோளாறுகள் இந்த அளவுக்கு அச்சப்பட வேண்டியவை அல்ல. மோட்டார் ஓடும் ஒலி கேட்டும் டிரம் நிற்குமானால் பெல்ட் அறுந்திருக்கும். தடதடவென்ற ஒலி டிரம்மைத் தாங்கும் உருளைகள் தேய்ந்ததால் வருவது. அவற்றுக்கு எண்ணெய் விட்டால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும், மாற்றிவிடுவதே சரி. துணி ஈரமாக இருக்கும்போதே இயந்திரம் நின்றுவிட்டால், டிரம்முக்குள் தெரியும் இரண்டு உலோகப் பட்டைகளைத் துடைத்துப் பாருங்கள். ஈரத்தை உணர்வது அவைதான், அவற்றின்மீதும் மேலே சொன்ன படலம் படிவதுண்டு.

வீட்டில் உள்ளவர் கைவைக்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன. ஹீட் பம்ப் வகை உலர்த்தியில் குளிர்ப்பொருள் ஓடும் மூடிய பகுதியைத் திறக்கக் கூடாது; சில மாடல்களில் அந்தக் குளிர்ப்பொருள் எளிதில் தீப்பற்றும் புரொப்பேன். எரிவாயுக் குழாயும் வால்வும் அத்தொழிலில் பயிற்சி பெற்றவருக்கு உரியவை. மோட்டாரோடு கெப்பாசிட்டர் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். பிளக்கோ சாக்கெட்டோ பழுப்பேறியோ உருகியோ இருந்தால், அது இயந்திரத்தின் கோளாறாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. 2,500 வாட் உலர்த்தி ஏறக்குறைய 11 ஆம்பியரை இடைவிடாமல் இழுப்பதால், தளர்ந்த இணைப்பு எதுவானாலும் சூடேறும். அதை மின்பணியாளர் வந்து பார்ப்பதே முறை.

தயாரிப்பாளர்களிடமும் குறை இருக்கிறது. பல இயந்திரங்களில் மின்சுற்றுப் படமும், ஒவ்வொரு பாகமும் காட்ட வேண்டிய ஓம் அளவும் அச்சிட்ட தாள் ஒன்று மடித்து உட்புறத்தில் செருகப்பட்டிருக்கும். தகட்டைத் திறப்பவருக்கு மட்டுமே அது கிடைக்கும். வாங்கியவர் கையில் தரப்படும் புத்தகத்தில் அது இருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய பழுதுபார்ப்பு உரிமை குறித்த சட்டத்தின் பொருட்பட்டியலில் துணி உலர்த்திகளும் இடம்பெற்றிருக்கின்றன. அந்தத் தாளைப் புத்தகத்தோடு சேர்த்துத் தருவதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

ஆசிரியர் அவர்கள் அந்தக் குறிப்புக்கான திருத்தத்தை, அது வெளியான அதே பகுதியில், வாசகர் கண்ணில் படும் அளவில் வெளியிட வேண்டுகிறேன். வாசகர் குறிப்புகளைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. திருத்தமும் அதோடு சேர்ந்து போய் உட்கார வேண்டும். இதற்குள் யாரேனும் தங்கள் இயந்திரத்தில் அந்தக் கம்பிகளை முறுக்கி வைத்திருந்தால், இன்றே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உரிய டிகிரி அளவுள்ள புதிய ஃபியூஸ் வந்து, வெளியேற்றுக் குழாயையும் கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்யும்வரை துணி கொடியிலேயே காயட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்