பெட்டியில் அச்சிட்டால் போதாது, சோதித்துக் காட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபைபர் பிராட்பேண்ட் பற்றி வரும் செய்திகளில் எத்தனை எம்பிபிஎஸ், எத்தனை ஜிபிபிஎஸ் என்ற பேச்சுதான் பெரிதாக இருக்கிறது. இரண்டு முனையிலும் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் அந்த வேகம் யாருக்கும் கிடைக்காது. ஃபைபர் இணைப்புகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எக்ஸ்சேஞ்சில் இருந்து வீட்டு இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் ஓஎல்டி என்ற கருவி ஒரு கம்பெனியின் தயாரிப்பு, ஃபைபர் வந்து சேரும் வீட்டுச் சுவரில் மாட்டும் ஓஎன்டி என்ற பெட்டி இன்னொரு கம்பெனியின் தயாரிப்பு. இரண்டிலும், ஜிபான் என்ற ஃபைபர் முறைக்கு ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வகுத்த ஜி.984 தரநிலைப்படி செய்தது என்று போட்டிருக்கும். ஓஎன்டியை மாட்டியதும், ஃபைபர் இணைப்பு கிடைத்ததைக் காட்டும் பான் லைட் பச்சையாக நின்று எரியும். ஓஎல்டியில் சீரியல் நம்பர் பதிவாகிவிடும். வந்து சேரும் ஒளியின் அளவைப் பார்க்கும் பவர் மீட்டர் மைனஸ் 20 டிபிஎம் காட்டும், அதிலும் குறை இல்லை. ஆனால் இன்டர்நெட் வராது. சில வீடுகளில் இன்டர்நெட் வரும், அதே பெட்டியில் செருகிய போன் மட்டும் செத்துக் கிடக்கும்.

கோளாறு பெரும்பாலும் ஓஎம்சிஐ என்ற கட்டளை முறையில்தான் இருக்கும். எந்த போர்ட்டுக்கு எந்த விலான் (ஒரே லைனுக்குள் தனியாகப் பிரித்த பாதை), எதற்கு முன்னுரிமை என்று ஓஎல்டி அதன் வழியாகத்தான் ஓஎன்டிக்கு உத்தரவு போடுகிறது. ஓஎம்சிஐக்கான ஜி.988 தரநிலையில் ஒரே உத்தரவைப் பல விதமாக எழுத இடம் உண்டு. விருப்பம் இருந்தால் சேர்க்கலாம் என்று விட்ட பகுதிகளும் ஏராளம். ஒருவர் ஒரு விதமாக எழுதுகிறார், மற்றவர் வேறு விதமாக எதிர்பார்க்கிறார். இருவருமே தரநிலையை மீறவில்லை. அப்புறம் என்ன, இரண்டு கம்பெனிகளின் சப்போர்ட் ஆட்களும் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்பார்கள். நடுவில் மாட்டிக்கொள்பவர் சந்தாதாரர்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. ஜிபானில் 32 அல்லது 64 வீடுகள் ஒரே ஃபைபரைப் பகிர்ந்துகொள்கின்றன. மேல்நோக்கி அனுப்பும்போது ஒவ்வொரு பெட்டியும் தனக்கு ஒதுக்கிய நேரத்தில் மட்டுமே லேசரைப் போட வேண்டும். வேகம் 1.244 ஜிபிபிஎஸ், அதாவது ஒரு பிட்டுக்கு ஒரு நானோ வினாடிகூடக் கிடையாது. நேரம் தவறி ஒரு பெட்டி ஒளியை விட்டால், ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துவிடும் அந்த ஸ்ப்ளிட்டரில் உள்ள எல்லா வீடுகளும் தடுமாறும். குற்றவாளியைப் பிடிக்க ஸ்ப்ளிட்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். கழற்றும் ஒவ்வொன்றும் ஒரு நல்ல சந்தாதாரரின் இணைப்பு. சோதிக்காத பெட்டியை வாங்கிப் போடுவது அந்த ஒரு வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை.

இதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது. கேபிள் மோடத்துக்கு, கேபிள் நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான கேபிள்லேப்ஸ் 1999-லேயே டாக்சிஸ் என்ற தரநிலைக்கான சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. வைஃபையிலும் அப்படித்தான், சான்றளிப்பு வந்ததால்தான் எந்த போனும் எந்த ரூட்டரோடும் சேரும் என்று நாம் நம்பி வாங்குகிறோம். ஜிபானுக்கு பிராட்பேண்ட் ஃபோரம் என்ற தொழில்துறை அமைப்பு பிபிஎஃப்.247 என்ற சான்றிதழ் வைத்திருக்கிறது. 1988 முதல் இயங்கும், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் போன்ற இடங்களில், விற்பவரையும் வாங்குபவரையும் சாராதவர்கள் சோதிக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சான்றிதழ், பெட்டி தரநிலைப்படி நடக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. நம் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் குறிப்பிட்ட ஓஎல்டியோடு ஒத்துப்போகுமா என்பதை இரண்டையும் ஜோடியாக வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். கரண்ட் போய் வந்ததும் 64 பெட்டிகளும் ஒரே சமயத்தில் எழுந்து பதிவு கேட்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் மாறினால் பழைய சோதனை முடிவு செல்லாது. இதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். டெண்டரோடு இணைத்த சான்றிதழில் ஒரு ஃபர்ம்வேர் எண், வந்து இறங்கிய பெட்டியில் வேறு எண் என்று இருந்தால் அந்தத் தாளை வைத்து என்ன செய்வது?

சோதனைக்குச் செலவும் நாளும் ஆகும் என்கிறார்கள். ஆகட்டும். வீடு வீடாக டெக்னீஷியனை அனுப்பிப் பெட்டி மாற்றுவதற்கு அதைவிட அதிகம் ஆகும்.

சேவை நிறுவனங்கள் சோதித்த ஜோடிகளின் பட்டியலை வெளியிட வேண்டும். ஓஎல்டி மாடல், ஓஎன்டி மாடல், இரண்டின் ஃபர்ம்வேர் எண், சோதித்த தேதி, இவ்வளவு இருந்தால் போதும். புதிய ஃபைபர் திட்டம் பற்றி எழுதும் உங்கள் நிருபர்களும் வேகத்தோடு சேர்த்து இந்தப் பட்டியல் எங்கே என்று கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஒரு ஃபைபர் நெட்வொர்க் டெக்னீஷியன்