செயலாளரின் ஆண்டறிக்கை 2025: காற்று பார்க்கப் பழகிய வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலவை ஆறு முறை கூடியது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மோர்ப் பந்தல் போட்டோம். கெப்போங்கில் உள்ள ஃபிரிம் (மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம்) வனப்பூங்கா ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமானதை ஒட்டி, ஆகஸ்டில் அங்கே ஒரு காலை நடை நடந்தது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு நன்றாக நடந்தேறியது. சென்ற ஆண்டின் அறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்கு உரிய நாளில் போய்ச் சேர்ந்தன.

அடுத்தது காற்றுப் பயிற்சி, அதாவது காட்டில் மானைக் கலைக்காமல் பார்ப்பதற்காகக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்கப் பழகுவது. “இது செயலாளரின் சொந்த ஆசை” என்று நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களில் பாதிப் பேர் தோட்டப்புறத்தில் வளர்ந்து, உரிமம் எடுத்து வேட்டைக்குப் போனவர்கள். கடமானுக்கும் கிஜாங் என்கிற கேளையாட்டுக்கும் வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான் வேட்டை உரிமம் கொடுப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு தண்டனையும் கடுமையாகிவிட்டது. துப்பாக்கி பிடித்த கையில் இப்போது கேமரா. கடமானுக்கு இதெல்லாம் தெரியாது. மனித வாடை மூக்கில் பட்டால் அது எழுந்து போய்விடும், அவ்வளவுதான்.

மான் பார்க்கக் காட்டுக்குப் போன முந்தைய மூன்று பயணங்களிலும் நாம் பார்த்தது குளம்புத் தடமும் புழுக்கையும்தான். அதிர்ஷ்டம் இல்லை என்றே நானும் நினைத்திருந்தேன். உலு சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்னது: “தம்பி, உங்க வாடைய முன்னால அனுப்பிட்டு நீங்க பின்னால போறீங்க. அப்புறம் மான் எப்படி நிக்கும்?” தமிழில் மணத்துக்கும் வாடை என்கிறோம், வடக்கிலிருந்து வரும் காற்றுக்கும் வாடை என்கிறோம். அவர் பேசப் பேச இரண்டும் ஒன்றுதானோ என்று எனக்குத் தோன்றியது.

அவரையே ஆசிரியராக வைத்து, புக்கிட் காசிங் குன்றில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பயிற்சி நடத்தினோம். முதல் நாள் காலை ஆறே முக்கால், இன்னும் இருட்டு. சிவன் கோயில் பக்கத்துச் சரிவில் அவர் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தார். புகை மேலே போகும் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அவர் முழங்கால் உயரத்துக்கு இறங்கி, பாதையை ஒட்டித் தண்ணீர் மாதிரி கீழே வழிந்தது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் பள்ளத்தை நோக்கி இறங்குகிறது என்று விளக்கினார். ஒன்பது மணிக்கு வெயில் சரிவில் விழுந்ததும் அதே இடத்தில் இன்னொரு பத்தி. இப்போது புகை சரிவில் ஏறியது. நடுவே அரை மணி நேரம் புகை எந்தப் பக்கமும் நிலையாகப் போகவில்லை. “இந்த நேரத்துல நடக்காதீங்க, உக்காந்திருங்க” என்றார்.

இதிலிருந்து வரும் பாடம் சுலபம். வெயில் ஏறிய பிறகு காற்று மேலே ஏறும், ஆகவே மான் இருக்கும் இடத்துக்கு மேலே நாம் இருக்க வேண்டும். பொழுது சாயும்போது காற்று இறங்கும், அப்போது நாம் கீழே இருக்க வேண்டும். மரம் அடர்ந்த இடத்தில் வெயில் தாமதமாகத்தான் தரைக்கு வரும், அதனால் இந்த மாற்றமும் தாமதமாகும். வானிலை அறிக்கையில் தென்மேற்குக் காற்று என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிப் போகக்கூடாது. காட்டுக்குள் காற்று மெல்லியது, அதைத் திருப்புவது மேடும் பள்ளமும்தான். முகட்டைத் தாண்டும் காற்று மறுபக்கம் சுழன்று திரும்பி வரும். கிண்ணம் போன்ற பள்ளத்தில் அது சுற்றிக்கொண்டே இருக்கும், அங்கே எங்கே உட்கார்ந்தாலும் வாடை மானிடம் போய்விடும். இரண்டு குன்றுக்கு நடுவே உள்ள தாழ்ந்த கணவாயில் காற்று ஒடுங்கி வேகமாகப் போகும். ஓடை இருந்தால் மாலைக் காற்று ஓடையோடு போகும். மான் படுக்க இடம் பிடிப்பதும் இந்தக் கணக்கில்தான்: முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி படுத்து, கண்ணைப் பள்ளத்தில் வைத்திருக்கும். பின்னால் இருப்பதற்கு மூக்கு, முன்னால் இருப்பதற்குக் கண்.

கோடாலித் தைலம், அத்தர், தலைக்குத் தேங்காயெண்ணெய், பையில் நாசி லெமாக், இவற்றை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஆனால் எவ்வளவு குளித்தாலும் நம் உடம்பு வாடை போகாது. ஈரக் காற்றில் அது கலையாமல் நிற்கும், நம் காட்டிலோ எப்போதும் ஈரம். அதனால்தான் காற்றுப் பக்கம் பார்ப்பது முதல் வேலை. அமுக்கினால் முகப்பவுடர் பறக்கும் சின்னப் புட்டிகள் சிலவற்றைச் சங்கச் செலவில் வாங்கியிருக்கிறேன்.

செப்டம்பரில் தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் வாசலான குவாலா தஹான் போனோம். பெயர் கொடுத்தவர்கள் 11 பேர், வந்தவர்கள் 5 பேர். படகும் வழிகாட்டியும் 11 பேருக்குப் பேசியது. வராதவர்களில் இருவர் மட்டுமே முன்கூட்டித் தகவல் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் மாலை, ஓர் ஓடைக்கரைப் புல்வெளி. பவுடரை அமுக்கிப் பார்த்தோம். அது ஓடையோடு கீழே நகர்ந்தது. அதனால் நால்வர் ஓடையின் கீழ்ப்பக்கம் உட்கார்ந்தோம். ஆறே முக்காலுக்கு ஒரு பெட்டைக் கடமான் குட்டியோடு வெளியே வந்தது. முப்பது அடி தூரம்கூட இருக்காது. நனைந்த கறுப்பு மூக்கை உயர்த்தி, துவாரம் விரிந்து சுருங்க, ஒவ்வொரு பக்கமாகக் காற்றை இழுத்துப் பார்த்தது. ஒரு காது எங்கள் பக்கம், இன்னொன்று குட்டியின் பக்கம். குட்டியின் முதுகில் இலையிலிருந்து சொட்டிய தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பதினோரு நிமிடம் பார்த்தோம், நான் மணி பார்த்து வைத்திருந்தேன்.

ஐந்தாவது உறுப்பினர், படம் நன்றாக வரும் என்று, எங்களிடம் சொல்லாமல் மேல்பக்கமாகச் சுற்றிப் போயிருந்தார். அவர் வாடை ஓடையோடு இறங்கி வந்த அந்த நொடியை என்னால் காட்ட முடியும். தாய் முன்னங்காலைத் தரையில் ஒரு முறை அறைந்தது, வால் நிமிர்ந்தது, சங்கு ஊதியது போல ஒரே ஒரு சத்தம். இரண்டும் மறைந்தன. அவர் நான்கு ஞாயிறுகளில் ஒன்றுக்கும் வராதவர். நல்ல மனிதர், வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் பயிற்சிக்கு வராத ஒருவரால் மற்ற நால்வருக்கும் அந்த மாலை முடிந்துபோனது. ஆகவே, குறைந்தது இரண்டு பயிற்சிக்கு வந்தவர்களை மட்டுமே இனி காட்டுப் பயணத்தில் சேர்க்கலாம் என்று செயலவையிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பயணத்தில் விழுந்த துண்டைக் கையிருப்பிலிருந்து சரிக்கட்டினோம், மற்றபடி பெரிய கடன் இல்லை. சந்தா ஆண்டுக்கு 60 ரிங்கிட். பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் கட்டவில்லை. பெயர்களை நான் இங்கே வாசிக்கப் போவதில்லை, பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

தலைவருக்கும் செயலவையினருக்கும், மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், மோர்ப் பந்தலில் உழைத்த மகளிர் பிரிவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாடம் சொல்லித் தந்த பெரியவருக்குக் காசிங் ஏறும்போது இப்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. அவருக்குத் தெரிந்ததில் நான் எழுதி வைத்திருப்பது ஒரு பகுதிதான். என் முழங்காலும் முன்போல் இல்லை. அவர் ஏற முடிகிறவரைக்கும் பக்கத்தில் நடந்து கற்றுக்கொள்ள இளையவர்கள் இரண்டு மூன்று பேர் வந்தால் போதும், செயலாளர் பொறுப்பையும் நான் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன்.

மார்ச் முதல் ஞாயிறு, காலை ஆறரை, சிவன் கோயில் பக்கம். ஊதுபத்தி நான் கொண்டு வருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்
கோலாலம்பூர்