அப்பாயியின் அறிவொளி நோட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரியவர்களின் பேச்சைப் பாதியிலேயே நிறுத்த என் வயதொத்தவர்கள் 'பூமர்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்திருக்கிறோம். கைப்பேசியில் பணம் அனுப்பத் தயங்கினாலும் பூமர்தான். வெயிலில் குடை எடுத்துப் போ என்று சொன்னாலும் பூமர்தான். 24 வயதாகும் நானும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல வாய் வராது என்ற நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு பழைய நோட்டு. அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

இந்தச் சொல் அமெரிக்காவிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 முதல் 1964 வரை அங்கே ஏறத்தாழ 7.6 கோடிக் குழந்தைகள் பிறந்தன. வேலையும் வீடும் பெருகிய காலத்தில் வளர்ந்த அந்தத் தலைமுறைக்கு இடப்பட்ட பெயர் இது. அதே ஆண்டுகளில் இங்கே பிறந்தவர்களின் கதை வேறு. நம் நாட்டில் அப்போது மக்கள்தொகை பெருகியதற்கு மலேரியாக் கட்டுப்பாடு, தடுப்பூசி போன்றவற்றால் சாவு குறைந்ததே முதன்மைக் காரணம். பிழைத்த பிள்ளைகளுக்கோ வயிறு நிறையச் சோறு இல்லை. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்பது ஓர் ஆட்சி மாற்றத்துக்கே துணைபோன வாக்குறுதியாக இருந்தது என்றால், அன்றைய அடுப்படிகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

என் அப்பாயி 1957-இல், இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பள்ளியில் மதிய உணவு போட்டதால்தான், நான்கு பெண்பிள்ளைகளில் கடைக்குட்டியான தன்னை மட்டுமாவது எட்டாம் வகுப்புவரை அனுப்பினார்கள் என்பார். 1991-இல் எங்கள் மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அவருக்கு 34 வயது, மூன்று பிள்ளைகள். பகலெல்லாம் களை எடுத்துவிட்டு வந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டபின், மாரியம்மன் கோயில் மண்டபத்தில் அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்துப் பதினெட்டுப் பெண்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்குச் சம்பளம் எதுவும் கிடையாது.

சென்ற பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்தபோது, பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் அந்த வகுப்பின் வருகைப் பதிவு நோட்டு கிடைத்தது. முதல் பக்கத்தில் பதினெட்டுப் பெயர்களும் அப்பாயியின் உருண்டை எழுத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே நீல மையில் ஒரு கைநாட்டு. பக்கங்களைத் திருப்பத் திருப்பக் கைநாட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. ஒருவர் தம் பெயரை எழுதிவிட்டு, அது செல்லாதோ என்று அஞ்சியவர்போலப் பக்கத்திலேயே கைநாட்டும் வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் பதினாறு கையெழுத்துகள், இரண்டு கைநாட்டுகள். அந்த இருவரைப் பற்றி, "நான் இன்னும் கொஞ்சம் பொறுமையாச் சொல்லிக்குடுத்திருக்கணும்" என்று அப்பாயி இன்றைக்கும் வருந்துகிறார்.

சைக்கிள் ஓட்டவும் அவர் அப்போதுதான் கற்றார். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவொளியோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்ததால் ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் ஏறிய காலம் அது. பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காததால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாத்தாவின் கம்பி வைத்த சைக்கிளிலேயே குரங்குப் பெடல் போட்டுப் பழகினாராம். டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பையெல்லாம் தாண்டி வந்தவரைத்தான், கைப்பேசியில் ஒரு செயலியைத் திறக்கத் தெரியவில்லை என்று நான் சிரித்தேன். அதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருக்கிறது.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. 2011-இல் ஐந்தில் நால்வருக்கு இருந்தது. அரசுத் திட்டங்களும் பள்ளிக்கூடங்களும் இதைச் சாதித்தன என்று பாடநூலில் படித்திருக்கிறேன். விளக்குக்கு மண்ணெண்ணெயைத் தம் ரேஷனிலிருந்து எடுத்து ஊற்றிய அப்பாயி போன்றவர்களைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை.

அத்தலைமுறையினரிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சாதி விஷயத்திலும் பெண்பிள்ளைகளின் திருமண விஷயத்திலும் அப்பாயியோடு எனக்கு ஓயாத வாக்குவாதம் உண்டு. அது இனியும் தொடரும். அந்த வாக்குவாதத்தில் அவர் என்னிடம் காரணம் கேட்கிறார், நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் மறுக்கிறார். 'பூமர்' என்று சொல்லும் நாங்கள் அந்த அளவுக்குக்கூட அவர்களுக்குக் காது கொடுப்பதில்லை.

அறிவொளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் எழுபதை நெருங்கிவிட்டார்கள் அல்லது கடந்துவிட்டார்கள். அவர்களின் நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்ச் சேருமுன், தங்கள் நாளிதழ் மாவட்டந்தோறும் அவர்களைத் தேடிச் சென்று, வாரம் ஒருவரது நினைவுகளையாவது வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அப்பாயியின் நோட்டைப் படமெடுத்து இத்துடன் அனுப்பியுள்ளேன். கடைசிவரை கைநாட்டு வைத்த இருவரின் பெயர்களை மட்டும் மறைத்திருக்கிறேன். அப்பாயி அப்படித்தான் செய்யச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
புதுக்கோட்டை மாவட்டம்