உறுப்பினர் படிவத்தில் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்: எங்கள் சன்மார்க்க சங்கப் பெரியவர்களுக்கு

தயவுடைய பெரியோர்களுக்கு வந்தனம்.

சென்ற மாதப் பூசத்தன்று அருட்பெருஞ்ஜோதி அகவல் பாராயணம் முடிந்ததும் புதிய உறுப்பினர் படிவத்தைக் கொடுத்தீர்கள். பெயர், முகவரி, தொழில், எல்லாம் சரி. அதற்குக் கீழே, வள்ளல் பெருமான் இராமலிங்க அடிகள் 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் ஒளிதேகம் பெற்றார், அதாவது சாகாமல் உடலோடு ஒளியானார் என உளமார நம்புவதாக ஓர் உறுதிமொழி, அதற்குத் தனிக் கையெழுத்து. கையெழுத்துப் போடாதவர் அன்னதானச் சமையல் கொட்டகைக்கு வரலாம், சங்கக் கூட்டத்தில் ஓட்டு மட்டும் கிடையாது என்றும் சொன்னீர்கள்.

எனக்கு அந்த நம்பிக்கை உண்டு. நான் கையெழுத்துப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கலாம். ஆனால் விடிவதற்கு முன்பே வந்து அடுப்பு மூட்டுகிறவர்களில் சிலரால் அதில் கையெழுத்துப் போட முடியாது. என் கணவர் அவர்களில் ஒருவர். அதனால்தான் இந்த மடல்.

பெருமான் வடலூர்ப் பக்கம் செய்தவற்றின் வரிசையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1865இல் சங்கம். 1867 மே மாதம் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலை. 1872இல்தான் சோதி வழிபாட்டுக்கான ஞானசபை. சோதியைக் காட்டுவதற்கு ஐந்தாண்டுகள் முன்பே அடுப்பு மூட்டியாகிவிட்டது. தருமச்சாலையில் சோற்றுக்கு உட்காருகிறவரிடம் அன்றும் இன்றும் எந்தக் கேள்வியும் இல்லை. ஞானசபை வாசலில் பலகையில் ஒரு நிபந்தனை உண்டு. அதுவும் கொலை, புலை (புலால் உண்பது) தவிர்த்தவரா என்பதுதான். அதாவது, எப்படி வாழ்கிறாய் என்ற கேள்வி. உள்ளே எரிவது என்ன என்று நினைக்கிறாய் என்று அந்தப் பலகை யாரையும் கேட்கவில்லை. வடலூர் வாசலில் இல்லாத கேள்வி நம் கொட்டகை வாசலில் எதற்கு?

இன்னொன்று. 1873 அக்டோபரில் சன்மார்க்கக் கொடி ஏற்றிவிட்டுச் செய்த பேருபதேசத்தில், தாம் ஒரு காலத்தில் சைவ சமயத்தில் எவ்வளவு பற்று வைத்திருந்தார் என்பதையும், அதைப் பிறகு விட்டுவிட்டதையும் பெருமானே சொல்கிறார். இளமையில் யாராவது அவரிடம் இப்படி ஒரு படிவத்தை நீட்டியிருந்தால், பிற்பாடு விடப்போகிற ஒன்றுக்கு அவரும் உளமாரக் கையெழுத்துப் போட்டிருப்பார். அவருடைய நம்பிக்கை மாறிக்கொண்டே வந்தது. பசித்தவரைக் கண்டால் பதறுகிற மனம் மட்டும் கடைசிவரை மாறவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குச் சோதியும் கிடையாது, சாமியும் கிடையாது. செத்தால் செத்ததுதான் என்பார். மரணமிலாப் பெருவாழ்வு பற்றி எங்களுக்குள் பேச்சு வந்தால் அன்றைக்குச் சாப்பாடு தாமதம். ஆனால் பசி என்று வாசலில் நிற்பவரிடம் அவர் ஊர், பெயர் விசாரித்ததில்லை. உடலைப் புதைக்கத்தான் வேண்டும், எரிக்கக்கூடாது என்பது பெருமான் சொன்னது. என் கணவரோ தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். இதை நாங்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். அவருக்கு அவர் விருப்பப்படி நான் செய்வேன், எனக்கு என் விருப்பப்படி அவர் செய்வார். கருமாதி, திதி இரண்டு பேருக்கும் வேண்டாம். அவர் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு, என் காரணம் வேறு.

இதே ஊரில், பரம்பரையாகச் சன்மார்க்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு வீட்டில் பெரியவர் காலமானார். பதினாறாம் நாள் அந்த அம்மாவை உட்காரவைத்துத் தாலியை வாங்கினார்கள். கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம் என்று 1871லேயே எழுதிக் கொடுத்தவர் பெருமான். அன்றைக்கு அந்தக் கூடத்தில் எழுந்து "இது வேண்டாமே" என்று சொன்ன ஒரே ஆள் என் கணவர். அங்கே இருந்த மற்ற எல்லாரும் உங்கள் உறுதிமொழிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக்கூடியவர்கள். புதிய விதிப்படி அவர்களுக்கு ஓட்டு உண்டு, இவருக்கு இல்லை.

நம்பிக்கையை விட்டு நடத்தையைக் கேளுங்கள் என்று நான் சொல்லும்போது ஒரு பயமும் இருக்கிறது. நடத்தை என்ற பெயரிலும் கதவைச் சாத்தலாம். சங்கத்தில் வைத்திருக்கும் வரன் நோட்டைச் சொல்கிறேன். 'சைவக் குடும்பம்' என்று அதில் எழுதுகிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் உணவைச் சொல்கிறார்கள்? சேரியிலிருந்து வரும் பையன் பிறந்ததிலிருந்து புலால் தொடாதவன் என்றாலும் அந்த நோட்டில் அவனுக்குப் பக்கம் இல்லை. சாதியை நேராகக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு சமையலறை வழியாகக் கேட்கிறோம். பிறகு அடுத்த பத்தியில் 'உட்பிரிவு' என்று நேராகவே கேட்டுவிடுகிறோம், அது வேறு. சாதி, சமயம், மதம் எல்லாவற்றையும் தடை என்று ஒதுக்கியவர் பெயரில் நடக்கும் சங்கத்தில் இந்த நோட்டு இருப்பது, என் கணவர் சோதியை நம்பாததைவிடப் பெரிய விலகல்.

புலால் விஷயத்தில் பெருமான் கறாரானவர் என்பது எனக்குத் தெரியும். உண்பவரைப் புற இனத்தார் என்றே சொன்னார். ஆனால் அவர்களுக்கும் பசியாற்றச் சொன்னார். சங்கத்தில் சேருகிறவர் புலால் விடவேண்டும் என்று கேளுங்கள், அது நியாயம். விட்ட பிறகு அவர் எந்தத் தெருக்காரர் என்று கேட்காதீர்கள்.

செயலாளர் ஐயா என்னிடம் சொன்ன ஒரு வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. நம்பாதவர்கள் கூடிவிட்டால் அகவல் நின்றுபோகும், சங்கம் வெறும் அன்னதானக் குழுவாகிவிடும் என்கிறார். இருக்கலாம். அதற்கு வழி இருக்கிறது. பாராயணம், பூச வழிபாடு, சிறுவர் வகுப்பு இவற்றை நடத்துகிறவர்கள் நம்பிக்கையுள்ளவர்களாக இருக்கட்டும். அதை விதியாகவே எழுதுங்கள். என் கணவர் அகவல் வகுப்பு எடுக்கக் கேட்கவில்லை. அரிசி யாரிடம் வாங்குவது, கணக்கை யார் பார்ப்பது, கொட்டகையின் கூரையை எப்போது மாற்றுவது, இதில் கைதூக்கத்தான் கேட்கிறார். ஒழுகுகிற கூரைக்கும் ஒளிதேகத்துக்கும் சம்பந்தம் இல்லையே.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். படிவத்தில் அந்த உறுதிமொழியை எடுத்துவிட்டு, உயிர்க்கொலை செய்வதில்லை, புலால் உண்பதில்லை, சாதி பார்ப்பதில்லை, பசித்தவரைத் திருப்பி அனுப்புவதில்லை என்று போடுங்கள். அதற்குக் கீழே கையெழுத்து வாங்குங்கள். நம்மில் சிலருக்குப் பேனா தயங்கும், தயங்கட்டும். வரன் நோட்டில் உட்பிரிவுப் பத்தியை அடித்துவிடுங்கள், அல்லது நோட்டையே மூடிவிடுங்கள்.

வரும் பூசத்தன்று கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, முடிவைப் பலகையில் எழுதிப் போடுங்கள். அதுவரை என் படிவம் கையெழுத்தில்லாமல் என்னிடமே இருக்கும். எனக்கும் ஓட்டு இல்லையென்றால் சரி. காய்கறி நறுக்க இருவரும் வழக்கம்போல் வருவோம்.

அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை.

இப்படிக்கு,
சமையல் கொட்டகையிலிருந்து ஓர் உறுப்பினர்