மீதியைக் கார் பார்த்துக்கொள்ளுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாகனப் பக்கத்தில், முன்னால் போகும் வண்டிக்கேற்பக் காரின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: ‘வேகத்தைக் குறித்துவிட்டால் போதும், மீதியைக் கார் பார்த்துக்கொள்ளும்.’ அந்த மீதி எது என்று கட்டுரையாளர் சொல்லவில்லை. தாங்கள் அறியாததா? இருந்தாலும் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் மீதி, நிற்கிற வண்டி. முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னாலோ பம்பரின் கீழ்ப்பகுதியிலோ பொருத்தப்பட்டிருக்கும் ரேடார், ஓடுகிற வண்டியைப் பின்தொடர்வதில் கெட்டி. ஆனால் சாலையில் அசையாமல் இருப்பவை ஏராளம்: தடுப்புக் கம்பி, விளக்குக் கம்பம், மேம்பாலம், இஆர்பி எனும் சாலைக் கட்டணச் சாவடி. அத்தனைக்கும் பிரேக் பிடித்தால் பயணம் நடக்காது. அதனால் விரைவுச்சாலை வேகத்தில் அசையாப் பொருளின் எதிரொலியைப் பல கார்கள் ஒதுக்கிவிடுகின்றன. கேமராவும் சேர்ந்த புதிய கார்களில் நிலைமை தேவலாம். அவற்றின் கையேட்டிலும் நிற்கும் வண்டியைப் பற்றிய எச்சரிக்கை உண்டு, யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இரவில் நம் சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில், அம்புக்குறி விளக்கு மின்ன, ஒரு தடத்தை அடைத்து நிற்கும் பராமரிப்பு லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போன வேன் கடைசி நொடியில் தடம் மாறுகிறது. வழி விட்டது என்று உங்கள் கார், நீங்கள் குறித்துவைத்த 90க்கு ஏறத் தொடங்குகிறது. அப்போது பிரேக்கை மிதிக்க வேண்டியவர் கட்டுரையாளர் இல்லை.

கார் தானாகப் பிரேக் பிடித்தாலும் முழு பலத்தோடு பிடிக்காது. மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். இந்த வேகத்தில் குரூஸ் கன்ட்ரோல் ஒவ்வொரு நொடியிலும் குறைக்கும் வேகம் பொதுவாக நொடிக்கு 3.5 மீட்டருக்குள்தான், அதை வைத்து நிற்கச் சுமார் 89 மீட்டர் வேண்டும். உலர்ந்த சாலையில் மனிதன் ஓங்கி மிதித்தால் 8 வரை வரும், 39 மீட்டரில் நின்றுவிடலாம். நடுவிலுள்ள அந்த 50 மீட்டரில் என்ன இருக்கும்? நம் ஊரில் பெரும்பாலும் ஒரு லாரி. 60, 70க்கு மேல் போகக்கூடாத லாரி, அதன் பின்தட்டில் வேலை முடிந்து தூங்கி வழியும் நம் ஊழியர்கள். அவர்களைப் பற்றிக் கண்ணீர் மல்கத் தலையங்கம் எழுதும் தாங்கள், அதே இதழின் வாகனப் பக்கத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

மோட்டார்சைக்கிளும் அப்படித்தான். தடத்தின் ஓரமாக ஓட்டுபவரை ரேடார் தாமதமாகப் பிடிக்கும், சில நேரம் அவரைத் தாண்டி முன்னாலிருக்கும் காரைப் பிடித்துக்கொள்ளும். வளைவில் பக்கத்துத் தடத்து வண்டியைத் தன் முன்வண்டி என்று எண்ணிக் காரணமில்லாமல் பிரேக் பிடிப்பதும் உண்டு.

முன்வண்டிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று நாம் குறிக்கும், திரையில் தெரியும் இடைவெளிக் கோடுகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. ஒற்றைக் கோடு என்பது பல கார்களில் ஏறத்தாழ ஒரு நொடி, அதாவது 90இல் 25 மீட்டர். ஓட்டுநர் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்தது இரண்டு நொடி, 50 மீட்டர். ‘இடம் விட்டால் வெட்டி நுழைகிறார்கள்’ என்பார்கள். நுழையட்டுமே, ஒரு கார் நுழைந்தால் உங்களுக்கு இழப்பு இரண்டே நொடி. கோடுகளின் எண்ணிக்கையை உச்சத்தில் வையுங்கள். மழை பிடித்தால் முழுவதுமாக அணைத்துவிடுங்கள். டயருக்கடியில் தண்ணீர் நிற்பது இந்த அமைப்புக்குத் தெரியாது.

வெளியேறும் வளைவுக்குள் திரும்பும் முன்பே ரத்து பொத்தானை அழுத்துவது அவசியம். முன்வண்டி நேராகப் போய்விட்டால், நினைவிலிருக்கும் 90ஐத் தேடி வளைவுக்குள்ளேயே கார் பாயும். பிரேக்கை மிதித்தபின் ‘ரெஸ்யூம்’ பொத்தானைத் தொட்டாலும் அதே கதை. அதை அழுத்துமுன் குறித்த வேகம் எவ்வளவு என்று திரையில் பாருங்கள்.

கால் இருக்க வேண்டிய இடம் பிரேக்குக்கு மேலே, குதிகால் தரையில். பழக்கதோஷத்தில் எக்ஸலரேட்டர் மேல் வைத்திருந்தால், நீங்களே முடுக்குவதாக எண்ணிக் கார் பிரேக் பிடிக்காமல் விட்டுவிடும். இன்னொன்று: சில கார்களில் குரூஸ் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் சாதாரண குரூஸ் வந்துவிடும், அதற்கு முன்வண்டி இருப்பதே தெரியாது. திரையில் காரும் இடைவெளிக் கோடுகளும் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வாடகைக் காரில் ஏறினால் கட்டாயம்.

பட்டறை விஷயத்தையும் விடுவதற்கில்லை. இடிபட்ட பம்பரைப் பட்டி வைத்துத் தடித்த உலோகச் சாயம் அடித்து, ரேடாரைச் சரிபார்க்காமல் அனுப்புகிறார்கள். ரேடார் ஒரு பாகை விலகினால் 100 மீட்டர் தொலைவில் 1.75 மீட்டர் பிசகும். அது அரைத் தடத்துக்குச் சமம். முன்கண்ணாடி மாற்றினால் கேமராவையும் மறுபடி அளவமைக்க வேண்டும். அளவமைத்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ‘பழைய கண்ணாடி மாதிரியேதான்’ என்ற பதிலை வாங்காதீர்கள்.

இத்தனை ஆண்டுகளாகத் தங்கள் வாகனப் பக்கத்தில் விலை, இருக்கையின் தோல், கூரைக் கண்ணாடி, கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇயின் கட்டணம் எல்லாம் வருகின்றன. கையேட்டிலிருந்து ஒரு வரி வந்ததாக நினைவில்லை. இந்த அமைப்புக்கே ஒரு வாரம் ‘தானோட்டி’, மறுவாரம் ‘தானியங்கி ஓட்டுநர்’ என்று பெயர். அதில் ஓட்டுநர் இன்னும் நாம்தான் என்பதால் இரண்டும் தவறு.

கேட்பது சிறியதுதான். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கார் விளம்பரத்துக்கு அடியில் வேண்டாம்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுபார்ப்புத் துறை வாசகர்,
காக்கி புக்கிட்